தண்ணீர் தீர்ந்த சந்து

யார் யார் வந்திருக்கிறார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்தாமல் சுயம்பு எந்தப் பேச்சுக்குள்ளும் இறங்க மாட்டார். திசையன்விளைப் பள்ளிக்கூடத்தில் பிடித்த பழக்கம். அன்று மத்தியானம் தாராவியில், அவருடைய ஜெராக்ஸ் கடையில் இருந்தவர்கள் வருமாறு: மேசைக்குப் பின்னால் ஸ்டூலில், சந்துக் கமிட்டிச் செயலாளரும் சந்துக்கே மனு எழுதிக் கொடுப்பவருமான சுயம்பு. வாசலை ஒட்டி, கவிழ்த்துப் போட்ட காலித் தண்ணீர் டிரம்மின் மேல், எதிரே இட்லி மாவு மில் நடத்தும் ஆறுமுகத்தாய். ஜெராக்ஸ் மிஷினில் சாய்ந்து நின்றபடி, மாட்டுங்காவிலிருந்து வார்டு ஆபீஸுக்கு வேலைக்கு வரும் வேங்கடசுப்ரமணியன். வெங்கட் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் உட்காராததற்குக் காரணம் உண்டு. கடையிலிருந்த ஒரே நாற்காலியில், போன வாரம் சந்துக்குக் கிடைத்த கேடயம் உட்கார்ந்திருந்தது.

ஆறுமுகத்தாய்: ...அதத் தூக்கிக் கீழ வையுங்க அண்ணாச்சி. மனுசன் நிக்கான், கேடயம் உக்காந்திருக்கு.

சுயம்பு: கீழ வச்சா எலி ஏறும் தாயி. அரசாங்கச் சாமான்.

வெங்கட்: பரவாயில்ல சார், நான் நிக்கறேன். டைமே இல்ல. சாயங்காலம் லிஸ்ட் போயிடும்.

ஆறுமுகத்தாய்: எந்த லிஸ்ட்டு?

வெங்கட்: புது பைப் போடப்போற லேனோட லிஸ்ட், ஆன்ட்டி. ஆபீஸ்ல பெரிய போர்டு ஒண்ணு இருக்கு, டிவி மாதிரி. அதுல செவப்பா இருக்கற லேனுக்கு பைப். பச்சையா இருந்தா கெடையாது.

ஆறுமுகத்தாய்: நாம என்ன நெறம்?

வெங்கட்: பச்சை.

ஆறுமுகத்தாய்: லேசாவா?

வெங்கட்: ஏக்தம் பச்சை. வார்டுலயே உங்களை மாதிரி பச்சை வேற லேன் கெடையாது.

ஆறுமுகத்தாய்: யாத்தே! கொழாயைத் தொறந்தா புஸ்ஸுன்னு காத்துதான் வருது. டிரம்முல சேத்து வச்சிருந்ததும் காலி, உளுந்து கழுவ தண்ணி இல்லாம நேத்து மில்லு ஓடல. இன்னைக்கும் ஓடல. நாங்க பச்சையா?

சுயம்பு: பொறு தாயி. ஒண்ணொண்ணா கேப்போம். தம்பி, அந்தப் போர்டு எதுக்கு வச்சிருக்கு?

வெங்கட்: கோல், சார். டார்கெட். இந்த வருஷம் ஆபீஸுக்கு ஒரு இலக்கு... எல்லா லேன்லயும் தண்ணிப் பிரச்சினை தீரணும். தீர்ந்துதா இல்லையான்னு தெரியணுமோல்லியோ? அதுக்காக தினமும் காத்தால எல்லாருக்கும் ஃபோன் போகும். நீங்க அழுத்தற பதிலை வச்சு போர்டு கலர் மாறும்.

ஆறுமுகத்தாய்: அந்தப் பொம்பளப் பிள்ள பேசுமே, அதா?

வெங்கட்: அதேதான்.

ஆறுமுகத்தாய்: ஒருநாள் தப்பாம அதுக்குப் பதில் சொல்லுதேனே! "உங்கள் சந்தில் தண்ணீர் தீர்ந்ததா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு." நான் ஒண்ணு.

சுயம்பு: நானும் ஒண்ணுதான்.

ஆறுமுகத்தாய்: சந்து முச்சூடும் ஒண்ணுதான். தீந்துபோச்சு, பொட்டுத் தண்ணி இல்லன்னு... ஒரு நாளு ஆத்திரத்துல விரல் வலிக்க அழுத்துனேன்.

வெங்கட்: அதான் ஆன்ட்டி பிராப்ளம்.

ஆறுமுகத்தாய்: என்ன பிராப்ளம்?

வெங்கட்: ஆபீஸ் கேட்டது "தண்ணிப் பிரச்சினை தீர்ந்துதா"ன்னு.

ஆறுமுகத்தாய்: அதுக்குத்தானே நாங்களும் பதில் சொன்னோம்?

வெங்கட்: நீங்க எல்லாரும் தினமும் "ஆமாம், தீர்ந்துது"ன்னு சொல்லியிருக்கேள்.

ஆறுமுகத்தாய்: அண்ணாச்சி, இவன் என்ன சொல்லுதான்?

சுயம்பு: தண்ணி தீந்துபோச்சுன்னு நாம சொன்னத, தண்ணிக் கஷ்டம் தீந்துபோச்சுன்னு அவிய எழுதிக்கிட்டாவ தாயி.

ஆறுமுகத்தாய்: அடப் பாவிகளா!

வெங்கட்: ஹிந்தியில கரெக்டாதான் இருக்கு. மராத்தியிலயும் கரெக்ட். தமிழ்ல மட்டும்தான் உல்டா. தமிழ் செலக்ட் பண்ணின லேன் எல்லாமே...

சுயம்பு: தமிழ்ல அந்த வாசகத்த எழுதுனது யாரு?

வெங்கட்: ஃபோன்ல போட்டேன் சார். டிரான்ஸ்லேட் பண்ணி அதுவே குடுத்துது. எனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். தீர்ந்துதுன்னா காலியாயிடுத்துன்னு ஒரு மீனிங் இருக்கறதே நேத்திக்குத்தான் தெரியும்.

ஆறுமுகத்தாய்: நீ தமிழன்தானடே?

வெங்கட்: எங்காத்துல "ஆயிடுத்து"ன்னுதான் சொல்லுவோம் ஆன்ட்டி. பால் ஆயிடுத்து, பொடி ஆயிடுத்து...

சுயம்பு: அப்பம் போன வாரம் மாலை போட்டு இந்தக் கேடயத்தக் குடுத்தது...

வெங்கட்: சிறந்த லேனுக்கு.

சுயம்பு: அதுல வெட்டியிருக்கத வாசி தாயி.

ஆறுமுகத்தாய்: கண்ணாடி இல்ல. நீங்களே வாசிங்க.

சுயம்பு: "தண்ணீர் தீர்ந்த முதல் சந்து."

ஆறுமுகத்தாய்: அதுல ஒண்ணும் பொய்யில்லயே.

சுயம்பு: அதான் நானும் அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. நம்ம கஷ்டத்தப் பாத்து ஆறுதலுக்குக் குடுக்காவன்னு நெனச்சேன்.

ஆறுமுகத்தாய்: நானும் அப்படித்தான் நெனச்சு அழுதேன்! மேடையில ஆளுக்கொரு பாட்டில் தண்ணி குடுத்தாவளே... சந்துக்குள்ள கடைசியா வந்த தண்ணி அதுதான்.

வெங்கட்: நீங்க அழுத ஃபோட்டோ போர்டுல வந்துது ஆன்ட்டி. "ஆனந்தக் கண்ணீர்"னு.

ஆறுமுகத்தாய்: சவத்துப் போர்டு!

சுயம்பு: அப்பம் பக்கத்துச் சந்து? காசிம் பாய் சந்துல கொழா நல்லாத்தானே வருது?

வெங்கட்: ஜோரா வருது.

சுயம்பு: அவியளும் தமிழ்தானே? காயல்பட்டணத்து ஆளுவ.

வெங்கட்: அவா தினமும் ரெண்டு அழுத்தறா. "அல்லா புண்ணியத்துல தண்ணி தீரலை, நிறைய இருக்கு"ன்னு. ஸோ, அந்த லேன் செவப்பு.

ஆறுமுகத்தாய்: அதான் தெனம் அங்க டேங்கர் போகுதா!

வெங்கட்: ஒண்ணு அனுப்பினோம். மறுநாளும் தீரலைன்னா. ரெண்டு அனுப்பினோம். அப்பவும் தீரலை. எஞ்சினியர் டென்ஷன் ஆயிட்டார். இப்போ காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு.

ஆறுமுகத்தாய்: அந்தச் சந்து பேகம் அக்கா புலம்புனாவ, பாத்திரம் பூராவும் ரொப்பியாச்சு, இனிமே எங்க ஊத்தன்னு. லாரிக்காரன் கேக்க மாட்டேங்கானாம். முட்டளவு ஓடுதாம் சந்துல.

வெங்கட்: அவா கம்ப்ளைன்ட் பண்ணினா, போதும், டேங்கர் வேண்டாம்னு. ஆனா காத்தால ஃபோன் வந்தா மறுபடி ரெண்டு. உண்மையைத்தானே சொல்லணும்கறா.

சுயம்பு: அந்தச் சந்துக்குத்தான் புது பைப்பா?

வெங்கட்: லிஸ்ட்ல முதல் பேரே அதான்.

ஆறுமுகத்தாய்: அண்ணாச்சி, என் வீட்டுக்காரரு நேத்து அம்பர்நாத் போயி ஷெட் பாத்துட்டு வந்துட்டாவ. பைப் வராதுன்னா மில்லத் தூக்கிட்டுப் போயிருவோம்னு சொல்லுதாவ. அங்க போயி யாருக்கு மாவு ஆட்ட? இட்லிக் கூடையத் தூக்கிட்டு விக்கப் போறவிய எல்லாம் இங்கன இருக்காவ. எனக்கு அங்க ஒரு முகம் தெரியாது. நான் போகமாட்டேன்.

சுயம்பு: போவேண்டாம். மனு எழுதுவோம்.

ஆறுமுகத்தாய்: மனு எதுக்கு? நாளைக்கு எல்லாரும் ரெண்ட அழுத்திருவோம்.

வெங்கட்: லிஸ்ட் இன்னிக்குப் போறது ஆன்ட்டி. அதுவும் இல்லாம உங்க லேன் மாடல் லேன். ரெண்டு அழுத்தினா சிஸ்டம் நம்பாது. தப்பா அழுத்திட்டேள்னு திருப்பிக் கூப்பிடும்.

ஆறுமுகத்தாய்: அதான் அன்னைக்கு என் பேரன் வெளையாட்டா ரெண்ட அழுத்துனதுக்கு மூணு மட்டம் கூப்பிட்டுச்சா!

வெங்கட்: ஒண்ணு அழுத்தற வரைக்கும் கூப்பிடும்.

சுயம்பு: நீயே போயி போர்டுல மாத்திரக் கூடாதா தம்பி?

வெங்கட்: பச்சையை செவப்பாக்க பட்டனே கெடையாது சார். செவப்புலேர்ந்து மஞ்சள், மஞ்சள்லேர்ந்து பச்சை. முன்னேற்றம்தானே... பின்னால போகாது. எழுத்துல மனு வந்தா மட்டும் கம்ப்யூட்டர் தொடாது. ஒரு மனுஷன் படிச்சே ஆகணும்.

சுயம்பு: யாரு அந்த மனுசன்?

வெங்கட்: தமிழ்னா... நான்தான்.

ஆறுமுகத்தாய்: வெளங்கும்.

வெங்கட்: நான் அதை ஃபோன்ல காட்டி, மராத்தியில வர்றதை அப்படியே ஃபைல்ல ஒட்டணும். சார் அதைத்தான் பார்ப்பார். ஒரு எழுத்து மாத்தக் கூடாது.

சுயம்பு: அப்பம் மராத்தியிலயே எழுதி வாங்கிருவோமே. முக்குல கணபத் இருக்கான்.

வெங்கட்: உங்க லேன் ரெஜிஸ்டர் ஆன பாஷை தமிழ். மராத்தியில குடுத்தா அது பாஷை மாத்தக் கேட்ட மனுவாப் போயிடும். அதுக்கு வேற டேபிள்.

சுயம்பு: சரி. தமிழ்லயே எழுதுதேன். கேட்டியா தாயி? அனுப்புநர். "நர்", "னர்" இல்ல. எங்க வாத்தியார் அதுக்குத்தான் முட்டிக்குக் கீழ போடுவாரு.

ஆறுமுகத்தாய்: நேரம் போகுது அண்ணாச்சி.

சுயம்பு: பெறுநர்... பொருள்... "ஐயா, வணக்கம். எங்கள் சந்தில் தண்ணீர் முற்றிலும் தீர்ந்து..." ச்சே.

வெங்கட்: அரே சார்! இன்னொரு கேடயம் வந்துடும்!

சுயம்பு: கை தானா எழுதுது. இரு. "எங்கள் தண்ணீர்க் குறையைத் தீர்த்து வைக்குமாறு..." அடச்சீ, அதுலயும் வருது.

ஆறுமுகத்தாய்: தீர் இல்லாம எழுதுங்க.

சுயம்பு: தீர் இல்லாம மனு எப்படி தாயி எழுத? எல்லா மனுவும் அதுலதான் முடியும். "குறையைத் தீர்த்து வைக்குமாறு பணிவுடன்..." அது இல்லன்னா அது மனு இல்ல, நலம் விசாரிக்கிற கடுதாசி.

ஆறுமுகத்தாய்: நேரா எழுதுங்க. "தண்ணீர் வரவில்லை." அம்புட்டுத்தான்.

சுயம்பு: "எங்கள் சந்துக்குத் தண்ணீர் வரவில்லை." காட்டு தம்பி போன்ல.

வெங்கட்: ஒரு நிமிஷம்... மராத்தியில "தண்ணீர் என்பவர் ஆஜராகவில்லை"ன்னு வர்றது.

ஆறுமுகத்தாய்: என்னது?

வெங்கட்: வரலைன்னா மீட்டிங்குக்கு வரலைன்னு எடுத்துக்கறது. இப்படிப் போனா தண்ணிக்கு நோட்டீஸ் போகும், ஏன் வரலைன்னு.

ஆறுமுகத்தாய்: நல்லாப் போகட்டும். நானே கேக்கணும்னு இருந்தேன்.

சுயம்பு: "குடிக்கத் தண்ணீர் இல்லை."

வெங்கட்: ...கரெக்டா வர்றது சார்!

ஆறுமுகத்தாய்: அப்பாடா.

வெங்கட்: இல்ல, இருங்கோ. "குடிக்க"ன்னு வந்தா அது குடிநீர் தரம். வேற இலக்கு. டெஸ்ட் பண்ண சாம்பிள் கேப்பா.

ஆறுமுகத்தாய்: சாம்பிள்னா?

வெங்கட்: எந்தத் தண்ணி இல்லையோ, அதுலேர்ந்து ஒரு பாட்டில்.

ஆறுமுகத்தாய்: கோட்டிக்காரப் பயலுவளா இருக்கானுவளே!

சுயம்பு: "குழாய் வறண்டு கிடக்கிறது."

வெங்கட்: "குழாய் உலர்ந்த நிலையில் உள்ளது"... ஐயய்யோ.

சுயம்பு: அது சரியாத்தானே இருக்கு?

வெங்கட்: ஒழுகற குழாயை எல்லாம் அடைக்கணும்னு இன்னொரு இலக்கு இருக்கு சார். உலர்ந்திருக்குன்னா ஒழுகலைன்னு அர்த்தம். அதுலயும் பச்சை ஆயிடுவேள். ரெண்டு பச்சை வந்தா மந்திரி வருவார்.

ஆறுமுகத்தாய்: வரட்டும், குடத்தோட நிக்கேன்.

சுயம்பு: கோவப்படாத தாயி. அமைதியா யோசிப்போம். தண்ணீர்க் குறை... ஆங்! "எங்கள் தண்ணீர்க் குறை தீரவில்லை." இதுல ஒண்ணும் வில்லங்கம் இல்ல. இலக்கணமும் சரி, உண்மையும் சரி.

வெங்கட்: ம்... "தண்ணீருக்குக் குறைவில்லை."

சுயம்பு: எப்படிடே?

வெங்கட்: குறையும் நெகட்டிவ், இல்லையும் நெகட்டிவ். ரெண்டையும் சேர்த்து பாசிட்டிவ் ஆக்கிடுத்து.

சுயம்பு: எங்க வாத்தியாரு இருந்திருந்தா இந்தப் போனுக்கு முட்டிக்குக் கீழ போட்டிருப்பாரு.

ஆறுமுகத்தாய்: எய்யா வெங்கட்டு, ஒண்ணு கேக்கேன்.

வெங்கட்: கேளுங்கோ ஆன்ட்டி.

ஆறுமுகத்தாய்: இந்தச் சந்து செவப்பாச்சுன்னா உனக்கு என்ன ஆகும்?

வெங்கட்: எனக்கா? ஒண்ணுமில்ல... மார்க் கொறையும். நான் பார்க்கற லேன் பச்சையா இருந்தாதான் கான்ட்ராக்ட் நீட்டுவா.

ஆறுமுகத்தாய்: அப்பம் உன் வேலை போயிரும்.

வெங்கட்: போகலாம்.

ஆறுமுகத்தாய்: பெறவு நீ எதுக்கு மெனக்கெட்டு இங்கன வந்து நிக்க?

வெங்கட்: டியூட்டி ஆன்ட்டி. உங்க கஷ்டம் பார்க்க முடியலை.

ஆறுமுகத்தாய்: போன வாரம் மாலை போடையில பாக்க முடிஞ்சுதோ?

வெங்கட்: ...சார், அடுத்த லைன் சொல்லுங்கோ. டைம் ஆறது.

சுயம்பு: அடுத்ததுன்னா... அந்தப் போனு தீர்ந்ததுன்னா கஷ்டம் போச்சுன்னுதானே எடுக்கு? அப்பம் தீரலன்னு எழுதுனா?

வெங்கட்: என்னன்னு?

சுயம்பு: "எங்கள் சந்தில் தண்ணீர் தீரவில்லை."

வெங்கட்: ...வந்துடுத்து! சார், வந்துடுத்து! "தண்ணீர் விஷயம் தீர்வாகவில்லை." பக்கா செவப்பு. இதை யாராலயும் அசைக்க முடியாது!

ஆறுமுகத்தாய்: அது பொய்யில்லா?

வெங்கட்: மராத்தியில உண்மை ஆன்ட்டி.

ஆறுமுகத்தாய்: நான் கையெழுத்துப் போடப்போறது தமிழுக்குக் கீழ. அண்ணாச்சி, நீங்க என்ன சொல்லுதிய?

சுயம்பு: இத்தன வருசமா மனு எழுதுதேன் தாயி. ரேஷன் கார்டு, விதவைப் பென்சன், மீட்டர் மாத்த... கூட்டி எழுதிருக்கேன், கொறச்சு எழுதிருக்கேன். குடம் கவுந்து கெடக்கயில தண்ணி தீரலன்னு எழுதுனதில்ல. நாளப்பின்ன எவனாவது தமிழ் தெரிஞ்சவன் எடுத்து வாசிச்சா என் மொகத்துல காறித் துப்ப மாட்டானா?

வெங்கட்: தமிழ் தெரிஞ்சவா யாரும் இல்ல சார் ஆபீஸ்ல. நான்தான் இருக்கேன்.

சுயம்பு: அது வேறயா.

வெங்கட்: வேற வழியே இல்ல சார். லிஸ்ட் போயிட்டா அடுத்தது எப்போ வரும்னு எனக்கே தெரியாது. பைப் காசிம் பாய் லேனுக்குப் போயிடும்.

ஆறுமுகத்தாய்: அங்க ஏற்கெனவே முட்டளவு ஓடுது.

வெங்கட்: இடுப்பளவு ஆகும்.

சுயம்பு: என்னால முடியாதுப்பா. பேனா ஓடல.

ஆறுமுகத்தாய்: ...அண்ணாச்சி. உங்க வீட்டுல அரிசிப் பானை காலியாச்சுன்னா மைனி என்ன சொல்லுவாவ?

சுயம்பு: என்ன சொல்லுவா? "அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க"ம்பா.

ஆறுமுகத்தாய்: நெறஞ்சா இருக்கும்?

சுயம்பு: எங்க நெறஞ்சிருக்கு? தட்டுனா கணீர்னு மணி அடிக்கும்.

ஆறுமுகத்தாய்: அப்பம் மைனி பொய் சொல்லுதாவளோ?

சுயம்பு: சே, அது பொய்யில்ல தாயி. அது வழக்கம். தீந்துபோச்சுன்னு வாயால சொல்லக் கூடாதுல்லா. உப்பு, அரிசி, மஞ்சப்பொடி... எதுவும் தீந்துபோச்சுன்னு...

ஆறுமுகத்தாய்: சொல்லக் கூடாது.

சுயம்பு: ...சொல்லக் கூடாது.

ஆறுமுகத்தாய்: தண்ணிக்கு மட்டும் சொல்லலாமா? விடிஞ்சதும் வெளக்கு முன்னால நின்னுக்கிட்டு தீந்துச்சு, தீந்துச்சுன்னு சந்து முச்சூடும் ஒத்த வாயா சொல்லிருக்கோம். அரிசிக்குச் சொல்லாத சொல்ல தண்ணிக்குச் சொன்னோம். அப்புறம் எப்படி வரும்?

வெங்கட்: வாவ் ஆன்ட்டி.

ஆறுமுகத்தாய்: நீ சும்மா இரு. எழுதுங்க அண்ணாச்சி. தீரல. எங்க சந்துல தண்ணி தீரவே இல்ல. கையெழுத்து நான் போடுதேன்.

சுயம்பு: வழக்கம்னு எடுத்துக்கிடலாமோ?

ஆறுமுகத்தாய்: மங்களமா எழுதுன மனுன்னு எடுத்துக்கிடுங்க.

சுயம்பு: சரி... "ஐயா, வணக்கம். எங்கள் சந்தில் தண்ணீர் தீரவில்லை. தீரவே இல்லை." ரெண்டு மட்டம் போட்டா தப்பில்லையே தம்பி?

வெங்கட்: ரெண்டு தடவை போட்டா டார்க் செவப்பு சார்.

சுயம்பு: "ஆகவே, தாங்கள் இதனைத் தங்கள் கனிவான பார்வைக்கு எடுத்து..." பார்வைக்கு வந்தா போனு என்ன சொல்லும்?

வெங்கட்: கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும். வேண்டாம்.

சுயம்பு: "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள"...

ஆறுமுகத்தாய்: அந்த "உண்மையுள்ள" வேண்டாம்.

சுயம்பு: வேண்டாம். "இப்படிக்கு, சுயம்பு, ஆறுமுகத்தாய்." போடு தாயி. இங்கன இல்ல, அதுக்குக் கீழ. தேதி, இடம்... தாராவி. மடிச்சாச்சு. கவரு இருக்கு. கோந்து...

ஆறுமுகத்தாய்: என்ன ஆச்சு?

சுயம்பு: கோந்து கட்டியாக் காஞ்சு கெடக்கு. கொஞ்சம் தண்ணி விட்டா எளகும்.

ஆறுமுகத்தாய்: தண்ணி...

சுயம்பு: தீர...

ஆறுமுகத்தாய்: அண்ணாச்சி!

சுயம்பு: நெறஞ்சிருக்கு. தண்ணி நெறஞ்சிருக்கு.

வெங்கட்: செல்லோடேப் இல்லையா சார்? பின்?

சுயம்பு: பின் அடிச்ச மனு ஒட்டுன மனு ஆகாது தம்பி. ஒட்டணும்.

ஆறுமுகத்தாய்: இருங்க, முந்தாநாத்து ஆட்டுன மாவு மில்லுல அடியில கெடக்கு. புளிச்சு பசை கணக்கா இருக்கும்... இந்தா. இத்துணூண்டு போதும். தடவுங்க.

சுயம்பு: நல்லாப் பிடிக்கு.

ஆறுமுகத்தாய்: ஆபீஸுல எவனாவது மோந்து பாத்தா பசிக்கும். பசிக்கட்டும்.

சுயம்பு: இந்தா தம்பி, கொண்டு போ.

வெங்கட்: நான் கொண்டு போகக் கூடாது சார். ஸ்டாஃப் கையில மனு வந்தா ஸ்டாஃபே எழுதினதா ஆயிடும். வெளியாள் யாராவது குடுக்கணும். நான் அங்க போய் வாங்கிக்கறேன்.

சுயம்பு: இப்பம் யார அனுப்ப? நான் கடையப் பூட்டிட்டுப் போயி, வரிசையில நின்னு...

ஆறுமுகத்தாய்: அந்தா, ஆரன் சத்தம். டேங்கர் வருது. காசிம் பாய் சந்துக்குப் போகுது.

வெங்கட்: அது ஊத்திட்டு நேரா ஆபீஸ் யார்டுக்குத்தான் போகும்!

ஆறுமுகத்தாய்: நிறுத்துங்க, நிறுத்துங்க! ஓ டிரைவர் பையா! ருக்கோ! ...தண்ணி கேக்கல, பயப்படாத! பானி நஹி சாஹியே! இத ஆபீஸ்ல, இன்வர்டு டேபிள்ல... தே தேனா. ஹாங். தமில் டேபிள். பத்திரம். ஈரக் கைல தொடாத... மாவு பையா, மாவு!

சுயம்பு: வாங்கிட்டானா?

ஆறுமுகத்தாய்: வாங்கி ஸ்டியரிங் பக்கத்துல சொருகிட்டான். ரெண்டு தெருவுக்கு ஊத்த வேண்டிய தண்ணி, சொட்டிக்கிட்டே போகுது பாருங்க...

சுயம்பு: போகட்டும் தாயி. இன்னும் கொஞ்ச நாள்தான்.

வெங்கட்: நானும் கெளம்பறேன் சார். லாரிக்கு முன்னாடி நான் போய் உட்காரணும். வாங்கறதுக்கு ஆள் வேணுமே.

ஆறுமுகத்தாய்: நில்லு. கடுதாசி போயாச்சு. இனி நீ ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. சொல்லிட்டுப் போ. வேலையப் பணயம் வச்சு எங்களுக்கு எதுக்கு இம்புட்டும் செய்த?

வெங்கட்: அதான் சொன்னேனே ஆன்ட்டி...

ஆறுமுகத்தாய்: டியூட்டின்னு சொல்லாத.

வெங்கட்: ...ஒரு லேன் எழுத்துல குடுத்தாதான் அந்தக் கேள்வியை ஆபீஸ் மாத்தும். மாத்தினா தமிழ் செலக்ட் பண்ணின எல்லாருக்கும் மாறும்.

சுயம்பு: எல்லாருக்கும்னா?

வெங்கட்: மாட்டுங்காவுக்கும்தான். எங்க பில்டிங்கும் பச்சை சார். எங்களுக்கும் கேடயம் குடுத்திருக்கா. செக்ரட்டரி மாமா அதை ஷோகேஸ்ல வச்சுட்டார். திருப்பிக் குடுத்து மனு எழுதுங்கோன்னா மாட்டேங்கறார். அம்மா மூணு மாடி பக்கெட் தூக்கறா.

சுயம்பு: அப்பம் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் நேத்துத்தான் தெரிஞ்சுதுன்னு சொன்னியே?

வெங்கட்: ரெண்டு மாசம் முன்னாடி சார். தலை பூரா சோப்பு, ஷவர்ல காத்துதான் வந்துது. அந்த நேரம் பார்த்து ஃபோன். நானே டிரான்ஸ்லேட் பண்ணிப் போட்ட கேள்வி. "தண்ணீர் தீர்ந்ததா?"

ஆறுமுகத்தாய்: நீ என்னத்த அழுத்துன?

வெங்கட்: ...ஒண்ணு.